மதகு திறக்க வந்த மகாராஜா

இடிமுழக்க ராயர். பேர்தான் பெத்த பேர். நாலு பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டால் மகாராஜாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அரசவை விகடகவி குப்பாண்டியைத் திட்டும்போது மட்டும் அரண்மனைக் கூரையே அதிரும்!

அந்த நாட்டில் ஒரு வழக்கம். புது ஏரியின் தண்ணீர் முதலில் யாருக்கு என்பதை அரசன் கரையில் நின்று ஜனங்கள் காதுபடச் சொல்ல வேண்டும். அவன் பேசி முடித்த பிறகுதான் மதகு திறக்கும். அரசனால் முடியாவிட்டால் பிரதானி பேசலாம். பிரதானி திருவம்பலத்துக்கு வயல் மதகடியிலேயே இருந்தது. கேட்க வேண்டுமா? மனிதர் தினமும் தேன் குடித்துத் தொண்டையைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"கடைமடைப் பயிர் கருகுதே, குப்பாண்டி! ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கால் உதறுமே!" ராயர் அழாக்குறையாகச் சொன்னார்.

குப்பாண்டிக்குப் பாவமாகிவிட்டது. "கவலையை விடுங்கள், மகாராஜா. நீங்கள் பேசாவிட்டால் நான் பாதி மீசையை வழித்துக்கொள்கிறேன்" என்றான்.

அந்த நாளும் வந்தது. விடியுமுன்பே ராயரைக் கரைமேல் ஒரு கூடாரத்துக்குள் உட்கார வைத்தான் குப்பாண்டி. ஜனங்கள் வரும் சத்தம் உள்ளே கேட்காதபடி இரண்டு தவில்காரர்கள் காது கிழிய வாசித்தார்கள். ஊர் திரண்டதும், "மகாராஜா தியானத்தில் இருக்கிறார். தும்மினால்கூடத் தலை போகும்!" என்று காதுக்குக் காது பரப்பி எல்லார் வாயையும் அடைத்தான். பிறகு தவிலை நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

"யாரும் வரவில்லையா?" என்றார் ராயர்.

"ஈ காக்கை இல்லை. இந்த ஏரியை வெட்டியதே பிரதானிதானாமே! உங்களைப் பார்க்க யார் வருவார்கள்?"

"என்னது?"

"முதல் தண்ணீரும் அவர் வயலுக்குத்தானாம். கடைமடைக்காரன் மழையை நம்பட்டும் என்று நீங்களே சொன்னீர்களாம்."

அவ்வளவுதான்!

"எவனடா சொன்னான், மடையா? கடைமடைக்காரன் மண் சுமந்த ஏரியடா இது! அவனோடு நானும் சுமந்தேன், தோள் இன்னும் வலிக்கிறது! முதல் தண்ணீர் கடைமடைக்கு! மதகடி வயலுக்குக் கடைசியில்தான்!"

குப்பாண்டி ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டே மறுகையால் கயிற்றை இழுத்தான். கூடாரத் துணி சரிந்தது. எதிரே தலை தலையாகக் கூட்டம்! ராயர் சரிந்த துணியை இழுத்து முகத்தை மூடப் போனார். அதற்குள் "மகாராஜா வாழ்க!" என்று கரையே அலறியது. பிரதானிக்குத் தேன் புரையேறியது.

ராயர் மெல்லச் சிரித்தார். இன்னும் ஒரு வார்த்தை சொன்னார். மறுபடி ஆரவாரம். விடுவாரா? பாட்டனார் வெட்டிய கிணற்றிலிருந்து ஆரம்பித்தார். வெயில் உச்சிக்கு ஏறி, இறங்கவும் தொடங்கியது. மதகுக்காரன் நின்றபடியே தூங்கிவிட்டான்.

"குப்பாண்டி! பயம் போன இடமே தெரியவில்லை! என்ன பரிசு வேண்டும், கேள்!"

குப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். "பேச்சை முடியுங்கள், மகாராஜா. அப்போதுதானே மதகு திறக்கும்!"

ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திறடா மதகை!" என்றார்.

அன்றைக்கு அவர் பேசியதிலேயே அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.