வேலி ஓணான் தலையாட்டிய கதை

அந்தக் காலத்தில் ஓணானும் பேசும், உடும்பும் பேசும். பேசாமல் கிடந்தது கல் ஒன்றுதான். கருவேலங்கோட்டையைச் செங்கமல நாச்சியார் ஆண்டார். அவர் கொலுவில் யானைகூட மண்டிபோட்டுக் கும்பிடும். வேலி ஓணான் மட்டும் கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்கும். அதற்கென்று இருந்த சொத்து அந்தக் கழுத்து ஒன்றுதானே.

“திமிரைப் பாருங்கள் தாயே. ஒரு தட்டுத் தட்டட்டுமா?” என்றார் தளவாய்.

“விடுங்கள் தளவாய். நாளைக்கு நாமெல்லாம் குனிந்துபோனாலும் ஊரில் ஒரு கழுத்தாவது நிமிர்ந்து நிற்கட்டும்” என்று சிரித்தார் நாச்சியார். அந்தச் சொல் ஓணான் நெஞ்சில் வெல்லப்பாகாய் ஒட்டிக்கொண்டது.

கப்பம் கேட்டு வெள்ளைக்காரன் பீரங்கியோடு வந்தான். கோட்டை விழுந்தது. நாச்சியார் மிச்சப் படையோடு கள்ளிவேலிக்குப் பின்னால் பதுங்கினார். வேலிமேல் நம் ஓணான். துரை அதன் முன்னால் குதிரையை நிறுத்தி, பேச்சுப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியைக் கூப்பிட்டான்.

“ராணி கிழக்கே போனாளா, கேள்.”

ஓணானுக்குத் திக்கென்றது. வாய் திறந்தால் குரல் நடுங்கும். சும்மா இருந்தால் வேலியை வெட்டித் தேடுவார்கள். கீழே நாச்சியாரின் மூச்சு கேட்கிறது. கழுத்தா, தாயா? கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிறந்தது முதல் குனியாத தலையை ஆட்டிவிட்டது.

துபாஷி வாயைப் பிளந்தான். “துரை, இது ராணிக்கே ஆட்டாத தலை. ஆட்டினால் சத்தியம்தான்.”

ஒரு படை கிழக்கே ஓடியது.

“அவள் வேல்காரர்கள் மேற்கேயா?”

ஆட்டியது. இன்னொரு படை மேற்கே.

“வெடிமருந்து தெற்கேயா?”

அதற்கும் ஆட்டியது. கடைசியில் துரையோடு மிஞ்சியவர்கள் துபாஷியும் குடைபிடிக்கிறவனும்தான்.

வேலி விலகியது. துரையின் மூக்குக்கு நேரே ஒரு வாள்.

“அவ்வளவு தூரம் நான் நடக்கவில்லை துரை” என்றார் நாச்சியார்.

சிதறிப்போன படைகளைத் தனித்தனியாக மடக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் கோட்டையில் பழைய கொடி பறந்தது, பறை முழங்கியது. ஓணான் மட்டும் வேலியில் குன்றிப்போய் இருந்தது.

“அந்நியனுக்குக் குனிந்துவிட்டேன் தாயே.”

“நீயா குனிந்தாய்? மூன்று படையை ஆடு மாதிரி மேய்த்திருக்கிறாய்” என்று நாச்சியார் வெற்றிக் குங்குமத்தை அதன் கழுத்தில் அள்ளிப் பூசினார். “இப்போது சந்தோஷமா?”

ஓணான் தலையாட்டியது. ஆட்டியது, ஆட்டியது, நிறுத்தவே இல்லை.

“போதுமப்பா, நம்பிவிட்டோம்” என்றார் தளவாய்.

அதற்கும் ஆட்டியது.

அன்று முதல்தான் ஓணானுக்குக் கழுத்துச் சிவந்தது. யாரைக் கண்டாலும் தலையாட்டும் பழக்கமும் வந்தது. வழி மட்டும் அதனிடம் கேட்டுவிடாதீர்கள்.