பிரண்டை புளி கேட்ட கதை

அந்தக் காலத்தில், செடிகொடிகள் வாய் திறந்து பேசிய நாளில், பிரண்டைக்கு அரிப்பே கிடையாது. வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இனிக்கும். இனித்தால் யார் விடுவார்கள்? வந்தது போனதெல்லாம் கடித்துப் பார்த்தன. ஆட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மழை பொய்த்த ஒரு வருஷம், சிலம்பாயி என்பவள் தன் சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீரை தேடி அலைந்தாள். எங்கும் கானல் மிதந்தது. நடக்கிறோமா, தூங்குகிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வேலியில் மட்டும் பிரண்டைக் கொடி பச்சையாகத் தொங்கியது.

“தாயி, என் மக பட்டினியாக் கெடக்கா. உன்னை ஒடிச்சுக்கட்டுமா?”

“இந்தக் காட்டுல நான் ஒருத்திதான் மிச்சம். முழுசா ஒடிச்சா என் வம்சமே அத்துப்போகும். நுனியை மட்டும் கிள்ளிக்க.”

சிலம்பாயி நுனியை மட்டும் கிள்ளினாள். மகள் அதை மென்றபடியே உறங்கிப்போனாள்.

அந்தி மயங்கும்போது ஆடு வந்தது. பிரண்டைக்கு உயிரே போய்விட்டது. மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த காட்டுக்கருணைக் கிழங்கை எழுப்பி, “அக்கா, உன் அரிப்புல கொஞ்சம் குடேன்” என்றது. கருணை தூக்கக் கலக்கத்தில் அளவு பார்க்காமல் அள்ளிக் கொடுத்துவிட்டது. ஆடு ஒரு கடி கடித்தது. தலையை உதறிக்கொண்டு ஓடியே போனது. பிரண்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் சிலம்பாயி வந்து நுனியைக் கிள்ளி மகளுக்குக் கொடுத்தாள். பிள்ளை நாக்கு தடித்து வீறிட்டது. சிலம்பாயி பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். கொடியை வேரோடு பிடுங்கப் பிடித்தாள்.

“உன் வம்சம் அழியக் கூடாதுன்னுதான நேத்து விட்டுட்டுப் போனேன்? என் வம்சத்தை நீ இப்படிப் பண்ணலாமா?”

பிரண்டை வெட்கத்தில் கூசிப்போனது.

“வாங்கினதைத் திருப்பிக் குடுக்க வழியில்ல, சிலம்பாயி. காதைக் கிட்டக் கொண்டா.” காற்று அசைவதுபோல மெல்லச் சொன்னது: “கையில எண்ணெய் தடவிக்கிட்டு இளந்தண்டாக் கிள்ளு. நாரை உரிச்சு, எண்ணெயில நல்லா வதக்கு. புளி வச்சு அரை. புளிகிட்ட என் அரிப்பு செல்லாது. மெதுவாப் பேசு, ஆட்டுக்குக் கேட்டிரப்போவுது.”

சிலம்பாயி அப்படியே செய்தாள். மகள் துவையலை வழித்து வழித்து நக்கிவிட்டு, இன்னும் வேண்டுமென்று கை நீட்டினாள். அதைப் பார்த்துத் தாய் அழுதுவிட்டாள்.

அன்று முதல்தான் நாம் அடிக்கொடியை விட்டுவிட்டு இளந்தண்டை மட்டும் ஒடிக்கிறோம், பிரண்டைத் துவையலுக்குப் புளி வைக்கிறோம். ஆட்டுக்கு மட்டும் அந்தச் சங்கதியை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.