முதலாளி ஜன்னல் நிலா

ஒரு பௌர்ணமி சாயங்காலம், சேவுக்கடை முதலாளி சங்கரலிங்கம் தன் கடை ஆட்களை ஆட்டம்பாட்டத்தோடு கொடைக்கானலுக்குக் கூட்டிப்போக ஒரு கலர் லைட் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தார்.

"பஸ் முழுக்க என்னுது. போய்ச் சேர்ற வரைக்கும் என் ஜன்னல்ல நிலா தெரியணும். இல்லேன்னா பாதியிலயே திருப்பச் சொல்லிருவேன்" என்றார். டிரைவர் அல்போன்ஸ் தலையாட்டினார்.

பஸ் மிதந்தது. கூரையில் நீலமும் ஊதாவும் நீந்தின. கடைப் பெண்கள் கண்மூடி ஆடினார்கள். மலையின் முதல் வளைவில் நிலா நழுவி, எதிர்ப்பக்கம், கடையில் சேவு பாக்கெட் போடும் பேச்சித்தாயின் ஜன்னலுக்குப் போய்விட்டது.

"திருப்புய்யா பஸ்ஸை!" என்று கத்தினார் முதலாளி. பாட்டு நின்றது. பெண்களின் முகம் வாடியது.

"திருப்பிரலாம் முதலாளி" என்றார் அல்போன்ஸ். "பஸ் முழுக்க உங்களுதுன்னா அந்த ஜன்னலும் உங்களுதுதானே? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே திருப்புறேன்."

"சரி சரி, ஓட்டுய்யா" என்றார் முதலாளி. பாட்டு மறுபடி கிளம்பியது.

அடுத்த வளைவில் நிலா வெளிச்சம் அவர் மடியில் வந்து விழுந்தது.

"பத்திரமா வச்சிருங்க முதலாளி" என்றாள் பேச்சித்தாய், ஆடிக்கொண்டே. "அடுத்த வளைவுல வாங்கிக்கிறேன்."