அரசர் கடையின் ஒற்றைச் சொல் பொத்தான்

செங்கோரை நாட்டை ஆண்டவர் செருவேல் வர்மர். கைப்பேசிக் காலத்து அரசர். ஆற்றோரத்து நாற்பது குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாய்களை விற்க, அரண்மனைப் பெயரில் இணையத்தில் ஒரு கடை திறந்திருந்தார்.

கடைக்கு நாளும் ஆயிரம் பேர் வந்தார்கள். பாயைப் பார்த்தார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒரு பாய்கூட விற்கவில்லை. கிடங்கில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. இன்னும் பத்து நாளில் மழை பிடித்துவிடும். ஈரம் ஏறினால் அத்தனையும் பூசணம்.

அரண்மனை அறிவிப்புகளை எழுதுகிறவள் தில்லைநாயகி. பேச்சில் அவளை மடக்கச் சபையில் ஆள் கிடையாது. அரசர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நாயகி, பாய் நன்றாகத்தானே இருக்கிறது? ஏன் விற்கவில்லை?"

அவள் கைப்பேசியை அவரிடமே நீட்டினாள். "மகாராணிக்கு ஒரு பாய் வாங்குங்கள், அரசே."

அரசர் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பொத்தான் எங்கே?"

"உங்கள் விரலுக்கு அடியில்தான் இருக்கிறது."

மஞ்சள் பக்கத்தின் உச்சியில் ஒரு பொன்னிறக் கட்டம். அதற்குள் பொடி எழுத்தில் ஒன்பது வரி. மும்முடி தாங்கிய மகாராஜா அவர்களின் திருவருளால் இப்பொருளைப் பெற விண்ணப்பிக்கிறேன் என்று போய்க்கொண்டே இருந்தது.

"இதுவா? கல்வெட்டு என்றல்லவா நினைத்தேன்."

"வந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்."

அதை வடிவமைத்தவர் அலங்கார அமைச்சர் கனகசபேசர். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அவளே பொத்தானை மாற்றிச் செய்யட்டும், அரசே. ஆனால் பாய் எடுத்துக்கொள் என்று ஊராரைக் கெஞ்சுவது உங்களுக்கு அழகா? பொத்தானில் வியாபாரப் பேச்சே கூடாது. வந்தவரை வரவேற்கிற சொல்தான் இருக்க வேண்டும். அதுவும் ஒரே சொல்."

கௌரவப் பேச்சு வந்ததும் அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிதான். மழைக்குள் கிடங்கு காலியாக வேண்டும், நாயகி. இல்லாவிட்டால் கடையை மூடிவிடுவோம்."

கடை மூடினால் நாற்பது வீட்டிலும் அடுப்பு எரியாது.

நாயகி படகுத்துறைக்குப் போனாள். படகுக்குக் காத்திருந்த பெண்களிடம் கைப்பேசியைக் கொடுத்து, அவர்கள் கட்டைவிரலையே கவனித்தாள். ஒரு விரலும் மேலே போகவில்லை. மஞ்சளுக்குள் பொன்னிறம் யார் கண்ணிலும் படவில்லை. பொத்தானை அடியில் இறக்கினாள். அடர்பச்சையாக்கினாள். விரல் தாராளமாகப் பதியும் அளவு பெரிதாக்கினாள்.

சொல்தான் சிக்கவில்லை. 'வணக்கம்' என்று போட்டுப் பார்த்தாள். பெண்கள் படித்தார்கள், சிரித்தார்கள், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது துறையில் ஒரு மீன்காரி, இறங்கி வந்த கூட்டத்தைக் கூவி அழைத்தாள். அதைக் கேட்டதும் நாயகி தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் கிடங்கில் ஒரு பாய் இல்லை. வானம் அப்போதுதான் இருட்டிக்கொண்டு வந்தது.

கனகசபேசர் கைப்பேசியும் கையுமாகச் சபைக்கு ஓடி வந்தார். "ஆணையை மீறிவிட்டாள், அரசே. பாருங்கள், 'வாங்க' என்று போட்டிருக்கிறாள்."

அரசரின் புருவம் ஏறியது. "நாயகி, என்ன இது?"

"வரவேற்பு, அரசே. வாசலுக்கு வந்தவரை 'வாங்க' என்றுதானே சொல்வோம்?"

"அதற்கு 'வாருங்கள்' என்று எழுத வேண்டும்," என்றார் அமைச்சர்.

"நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்தேனே, ஐயா. என்ன சொல்லி என்னை உள்ளே கூப்பிட்டீர்கள்?"

"வாங்க என்று..." கனகசபேசர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆனால் ஜனங்கள் வேறு மாதிரி படித்துவிட்டார்களே," என்றார் அரசர்.

"அதற்கு நான் என்ன செய்வேன், அரசே? நான் கூப்பிட்டேன். அவர்கள் வாங்கிவிட்டார்கள்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றுவரை அவளை வா, போ என்றே அழைத்தவர், எழுந்து நின்று கழுத்து முத்துமாலையைக் கழற்றினார்.

"தில்லைநாயகி அம்மா," என்றார், "பரிசு வாங்க வாங்க."