விலக்கு அளிக்கப்பட்ட பதினொரு படங்கள்

ஒரு குரு, ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தேழு. சிரிக்காதீர்கள், எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான். நான் பக்கத்து மேசையில் ஸ்கேன் போட்டுக்கொண்டிருந்தேன்.

குருவின் பெயர் எஸ்தர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற வாசிப்பு மையத்துக்குப் பொறுப்பாளர். பாடங்களைக் கணினி வாய்விட்டுப் படிக்கும்படி மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. பார்வையில்லாத பிள்ளைகள் அதைக் காதால் கேட்டுப் படிப்பார்கள்.

சீடர், பொருளாதாரத் துறைப் பேராசிரியர் தில்லைநாயகம். முப்பது வருஷ சர்வீஸ். ஒவ்வொரு பேராசிரியரும் தன் பாடத்தில் ஒன்றையாவது எஸ்தரிடம் பழகித் தானே மாற்ற வேண்டும், எஸ்தர் கையெழுத்துப் போட்டால்தான் அது மாணவர் கைக்குப் போகும் என்று பதிவாளர் உத்தரவு போட்டிருந்தார்.

இதில் வேடிக்கை, எஸ்தர் ஒரு காலத்தில் இவரிடமே எம்.ஏ. படித்தவர். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘நீ’ என்பார். கேட்கிற எனக்குத்தான் தலை சுற்றும். எஸ்தர் முதல் வகுப்பில் தேறியவர். கல்லூரியில் பாடம் நடத்தும் வேலைக்கு ஒரே ஒரு நேர்காணல் போய் வந்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பேராசிரியர் பென் டிரைவோடு வந்தார். பெஞ்சில் இசக்கியம்மாள் காலையிலிருந்தே பையோடு உட்கார்ந்திருந்தாள். இங்கே எம்.ஏ. முடித்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுக்கும் பார்வை இல்லை. திங்கட்கிழமை சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். இரண்டு முறைதான் போகலாம் என்பது அங்கே விதி. போன வருஷம் ஒரு முறை போய் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். ஐந்து மணிக்கு ரயில். இந்தப் பாடம் கைக்கு வந்தால் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போவாள். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

“எல்லாம் முடிச்சிட்டேன். கையெழுத்துப் போடும்மா,” என்றார் பேராசிரியர்.

“ஒரு தரம் கேட்டுடலாமா சார்?” என்றார் எஸ்தர்.

நான் கணினியைப் படிக்கவிட்டேன். நுகர்வோர் சமநிலை, அதாவது கையில் இருக்கிற காசுக்கு எதை எவ்வளவு வாங்கினால் மனசு நிறையும் என்கிற பாடம். கணினி கடகடவென்று படித்துக்கொண்டு போனது. “படம் ஒன்றில் காண்பது போல” என்றது. அடுத்து, “படம் ஒன்று. பார்வையற்றோருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது” என்றது. கொஞ்ச நேரத்தில் “படம் இரண்டைப் பார்க்கவும்” என்றது. “படம் இரண்டு. பார்வையற்றோருக்கு விலக்கு அளிக்கப்படுகிறது.”

இப்படியே பதினொரு படம், பதினொரு விலக்கு. அந்த மெஷினுக்கு வேறு குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. ஐந்தாவது விலக்கிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

பேராசிரியர் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி. “பார்த்தியா? ஒரு படத்தைக்கூட இவ தலையில கட்டலை. பரீட்சையிலயும் படக் கேள்வி மார்க்கை அப்படியே போட்டுடறோம். இதைவிட என்ன செய்யணும்?”

அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட நாள் கேட்டுப் பதிவாளரிடம் சண்டை போடுகிறவர். அந்தக் கேள்வியையும் மனசாரத்தான் கேட்டார்.

எஸ்தர் என் பக்கம் திரும்பி, “அக்கா, கெட்டி அட்டை ஒண்ணு, சணல் நூல், பசை. விளக்குமாத்துல இருந்து நாலு ஈர்க்குச்சி,” என்றார்.

விரலால் தடவிப் பார்க்கிற புடைப்புப் படம் அச்சடிக்க எங்களிடம் மெஷின் உண்டு. போன பொங்கலிலிருந்து ரிப்பேர். ஆகவே விளக்குமாறு.

எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தேன். எஸ்தர் அட்டையைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டார்.

“முதல் படம், சமநோக்கு வளைகோடு. சொல்லுங்க சார். நீங்க சொல்லச் சொல்ல நான் ஒட்டறேன்.”

“இதென்ன சின்னப் புள்ள விளையாட்டு? சரி. இங்கேருந்து ஆரம்பிச்சு, இப்படி வளைஞ்சு, அப்படியே இங்க வந்து நிக்கும்.” பேராசிரியரின் விரல் காற்றில் அழகாக ஒரு கோடு போட்டது. முப்பது வருஷக் கையல்லவா.

எஸ்தர் நூலைப் பசையில் தோய்த்து, தன் மடிப்பக்க மூலையில் ஆரம்பித்து, ஒரு வளைவு வளைத்து, அட்டையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஐயையோ, அது இல்லம்மா! இப்படி! இப்படி!”

“நீங்க சொன்னதைத்தான் சார் ஒட்டினேன்.”

“கொடு இங்கே, நானே ஒட்டறேன்.” பேராசிரியர் அட்டையைப் பிடித்தார். எஸ்தர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“கை வேண்டாம் சார். வாயால சொல்லுங்க.”

“ஏன்?”

“இந்த அட்டை இவ ஒருத்திக்கு. உங்க ஃபைல் அடுத்த வருஷமும் போகும், அதுக்கடுத்த வருஷமும் போகும். அதுல உங்க கை வராது.”

மறுபடி சொன்னார். “மேலேருந்து கீழே வரும். ஆனா நேரா வராது. இந்தப் பக்கமா உள்ளே வளைஞ்சு வரும்.”

எஸ்தர் நூலைப் பிய்த்து மறுபடி ஒட்டினார். அதுவும் தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு. மணி இரண்டே முக்கால். இசக்கி எழுந்து கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பையின் வாரை முறுக்கி முறுக்கி அவள் விரல் சிவந்திருந்தது.

பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. “முப்பது வருஷமா இதை நடத்தறேன்! ஒரு பய புரியலேன்னு எந்திரிச்சதில்லை!”

“போர்டு இருந்துச்சு சார்,” என்றார் எஸ்தர்.

அவ்வளவுதான். பேராசிரியர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “என் வகுப்புல பெஞ்சுல உட்கார்ந்த பொண்ணு எனக்கே பாடம் எடுக்கறியா? நான் பதிவாளர்கிட்ட பேசிக்கறேன்.” பென் டிரைவைப் பிடுங்கினார்.

 அவர் வாசலைத் தாண்டினால் பாடம் போச்சு, பாடம் போனால் இந்தப் பிள்ளையின் திங்கட்கிழமையும் போச்சு. எஸ்தராவது ஒரு வார்த்தை இறங்கிப் பேசியிருக்கலாம். அந்த அம்மா கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

இசக்கிதான் வாயைத் திறந்தாள். “சார், போன வருஷம் அங்க என்ன கேட்டாங்க தெரியுமா?”

பேராசிரியர் நின்றார்.

“விலைக்கோட்டை ஒரு வளைகோடு தொடுற இடத்துலதானே சமநிலை, வெட்டற இடத்துல ஏன் இல்லைன்னு கேட்டாங்க. எனக்குத் தொடுறதும் தெரியல, வெட்டறதும் தெரியல.”

“விலக்கு உண்டுன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?”

“சொன்னேன் சார். ‘அப்படியா, சரிம்மா, போயிட்டு வா’ன்னாங்க.”

அறையில் ஸ்கேனர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

பேராசிரியர் திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்து இசக்கிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“எஸ்தர், ஈர்க்குச்சியை எடுத்துக்கோ. அட்டையோட இடது ஓரத்துல ஒண்ணு, நிமிர்ந்து நிக்கற மாதிரி. கீழ் ஓரத்துல ஒண்ணு, படுத்த மாதிரி. ரெண்டும் இடது கீழ் மூலையில சேரும். அந்த மூலைதான் பூஜ்யம். மேலே போகப் போக ஆப்பிள் கூடும். வலது பக்கம் போகப் போக ஆரஞ்சு கூடும்.”

எஸ்தர் ஒட்டினார். அவர் சொன்னதை நான் அப்படியே ஃபைலில் தட்டச்சு செய்தேன்.

“இப்போ நூல். நிமிர்ந்த குச்சிக்குப் பக்கத்துல, உயரத்துல ஆரம்பிக்கணும். குச்சியைத் தொடக் கூடாது. முதல்ல செங்குத்தா இறங்கும். இறங்க இறங்கச் சரிவு குறையும். கடைசியில படுத்த குச்சிக்கு மேலே, அதையும் தொடாம, வலது பக்கமா நீளும். தொட்டில் தொங்கற மாதிரி வயிறு பூஜ்யத்தைப் பார்த்து இருக்கும்.”

எஸ்தரின் விரல்கள் நூலை மெல்ல இழுத்துக்கொண்டு போயின. பேராசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“சரியா சார்?”

“சரி,” என்றார்.  “இதே மாதிரி இன்னும் ரெண்டு நூல். ஒண்ணு இதுக்குக் கீழே, ஒண்ணு மேலே. மூணும் ஒண்ணை ஒண்ணு தொடாது. ஒரே நூல்ல எங்க நின்னாலும் மனசுக்கு ஒரே நிறைவு, மேல் நூலுக்குப் போகப் போக நிறைவு கூடும். அப்புறம் ஒரு ஈர்க்குச்சி சாய்வா. நிமிர்ந்த குச்சியோட நடுவுலேருந்து படுத்த குச்சியோட நடுவுக்கு. அதுதான் விலைக்கோடு. கையில இருக்கற காசு அவ்வளவுதான். அது கீழ் நூலை ரெண்டு இடத்துல வெட்டும். நடு நூலை ஒரே இடத்துல தொடும். மேல் நூல்கிட்ட போகவே போகாது.”

எஸ்தர் அட்டையை இசக்கி பக்கம் நகர்த்தினார்.

இசக்கியின் சுட்டுவிரல் சாய்ந்த குச்சியின்மேல் ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. பின்னால் போனது, திரும்ப வந்தது.

“இங்க நூலும் குச்சியும் ஒண்ணா ஓடுது சார். கொஞ்சூண்டு. அப்புறம் பிரிஞ்சுடுது.”

“அதான் தொடுறது.”

“இந்தக் கீழ் நூல்ல, குச்சி மேலே ஏறிக் குறுக்கால போகுது.”

“அதான் வெட்டறது.”

 அவள் விரல் மேல் நூலுக்குப் போய், காலியாய் இருந்த அட்டையைத் தடவிக்கொண்டு குச்சிக்கு இறங்கி வந்தது.

“சார், மேல இருக்கறதுக்குக் காசு பத்தாது. கீழ இருக்கறதுல மனசு நிறையாது. கையில காசு இருக்கும்போது எதுக்கு அதுல நிக்கணும்? அதான் இந்த நடு நூல், இந்த ஒரு இடம்.” சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். “இதைத்தான் கேட்டாங்களா? இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாம்மா,” என்றார் பேராசிரியர்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “அடச்சே!” என்றாள். ஒரு வருஷக் கோபம் அதில் இருந்தது.

எஸ்தரும் கை நீட்டி அட்டையை ஒரு தரம் தடவிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே தடவினார். பிறகு, “அடுத்த படம் சார்,” என்றார்.

அட்டை அந்த ஒன்றுக்குத்தான். மற்றவற்றை அவர் வாயால் சொல்ல நான் தட்டச்சு செய்ததில், நான்கே காலுக்கு ஏழு படம் முடிந்தது. ஆட்டோ வந்துவிட்டது. எஸ்தர் முடிந்தவரைக்கும் கையெழுத்துப் போட, இசக்கி அந்த ஃபைலைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, அட்டையைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“மீதி நாலு?” என்றாள்.

“நாளைக்குள்ள உன் போனுக்கு வரும்,” என்றார் பேராசிரியர். “புரியலேன்னா உடனே கூப்பிடு. என் நம்பரை எழுதிக்கோ.” அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு நம்பரை வாயால் சொன்னார்.

திங்கட்கிழமை அவளை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்களாம். போனில் சொன்னாள். முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம். அது இருக்கட்டும், நான் அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்பி வருகிறேன்.

ஆட்டோ போன பிறகும் பேராசிரியர் கிளம்பவில்லை. அட்டை இருந்த இடத்தில் சிந்தியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“எஸ்தர், இந்தப் பேப்பர் நீயும் எங்கிட்டதானே படிச்சே?”

“ஆமா சார். பதினாறு வருஷம் ஆச்சு.”

“படக் கேள்விக்கு உனக்கு என்ன போட்டேன்?”

“விலக்கு கொடுத்து, இருபதுக்கு இருபது போட்டீங்க.”

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். “நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா போட்டேன்.”

“தெரியும் சார்,” என்றார் எஸ்தர். “மார்க் அப்பவே வந்துடுச்சு. படம் இன்னிக்குத்தான் வந்தது.”