தொப்பிக்குள் ஒளிந்தது

வரிசை மாற்றிச் சொல்லிவிட்டால் கேட்கிறவர் யாராவது போய்க் கையைச் சுட்டுக்கொள்வார்களோ என்று ஜெசிந்தாவுக்குப் பயம். அதனால் இந்தக் கதையை அவள் எப்போதும் ப்ளக்கைப் பிடுங்கியதிலிருந்துதான் தொடங்குவாள்.

ஒரு சமயம், தூத்துக்குடியில் அவளுடைய ரிப்பேர் கடைக்குக் கைப்பிடி வைத்த குட்டி டிவி ஒன்று வந்தது. கறுப்பு வெள்ளை. துறைமுகத்து டீக்கடையில் அதை வைத்து, படகுக்காரர்களுக்குக் காற்றின் வேகத்தைக் காட்ட வேண்டுமாம். அதற்காக டிவிக்குள் பொருத்தத் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டும் வாங்கியிருந்தாள்.

ப்ளக்கைப் பிடுங்கினாள். முதுகு மூடியைக் கழற்றினாள்.

"எதுக்குக்கா இந்த வம்பு? குழாயைத் தூக்கிப் போட்டுட்டுத் தட்டைத் திரையை மாட்டிருவோம்" என்றான் தம்பி சில்வெஸ்டர்.

டிவிக்குள் இருந்த கண்ணாடிப் படக்குழாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா திருப்புளியின் கழுத்தில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையைக் குழாயைச் சுற்றி ஓடிய வெறுங்கம்பியில் கவ்வவிட்டாள். குழாயின் தோளில் இருந்த ரப்பர் தொப்பிக்கு அடியில் திருப்புளியை நுழைத்தாள். 'டப்' என்று பொறி பறந்தது.

"முடிஞ்சிட்டு! உள்ள தேங்கின கரண்டு பூரா போச்சு. இனி இது வெறும் கண்ணாடிச் சொம்பு" என்றது திருப்புளி.

"யாரைச் சொம்புன்னு சொல்லுத?" என்றது குழாய்.

"சண்டையை அப்புறம் போடுங்க. காத்து எனக்காக நிக்குமா?" என்று அவசரப்பட்டது போர்டு.

ஜெசிந்தா திருப்புளியை எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். அந்த நேரத்தில், கவிழ்த்த பானையின் சுவரில் ஒட்டிய ஈரம் துளியாகத் திரள்வதுபோல, கண்ணாடிக்குள் ஒளிந்திருந்த மின்சாரம் மெல்லத் திரும்பி வந்தது. குழாய்க்கு மட்டும் அது தெரிந்தது. சொன்னால் சில்வெஸ்டர் தூக்கிப் போட்டுவிடுவான். சொல்லாவிட்டால்?

டீ குடித்துவிட்டு வந்த ஜெசிந்தாவின் கை தொப்பியை நெருங்கியது.

"தாயி, தொடாதே! எங்கிட்ட இன்னும் இருக்கு!"

"பொய்! என் கண்ணு முன்னாலதான போச்சு!" என்றது திருப்புளி.

"போனது போச்சு. இது ஒளிஞ்சு கிடந்தது."

சில்வெஸ்டர் துள்ளினான். "பாத்தியாக்கா? இதை வச்சுக்கிட்டு உயிரை விடணுமா?"

"குரைச்சுச் சொல்லுத நாயை எவனும் விரட்டுவானாலே? எனக்குப் பயமெல்லாம், 'உள்ள ஒண்ணுமில்ல'ன்னு சொல்லுத இந்தத் திருப்புளி மேலதான்" என்றாள் ஜெசிந்தா.

மறுபடி அதே இடத்தில் திருப்புளியை நுழைத்தாள். பொறி பறந்தது, கொஞ்சம் சின்னதாக.

இந்தத் தடவை அவள் திருப்புளியை வெளியே எடுக்கவில்லை. வேலை முடியும்வரை ஒயரோடு அங்கேயே காவல் வைத்தாள். குழாய் தன் இடத்திலேயே இருந்தது. போர்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தது; அதை முடுக்க வேறொரு திருப்புளி வந்தது.

குழாயை அவள் முழுசாக நம்பினாள். ஆனாலும் இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாதை போடும் என்பதால், கடைசித் திருகாணி ஏறும்வரை இடது கையை முதுகுக்குப் பின்னால் சேலையில் செருகியே வைத்திருந்தாள்.