மார்த்தாண்டத்தின் கண்ணாடி

வாரப் பத்திரிகை ஒன்றின் தலைமை ஓவியர் மார்த்தாண்டம். வேலை கேட்டு யார் வந்தாலும், அவர்கள் படத்தைச் சுவர்க்கண்ணாடிக்கு நேராகப் பிடித்து, இடம் வலம் மாறித் தெரியும் பிம்பத்தில் கோணல் கண்டுபிடிப்பார். தப்பில்லாத படம் அவரிடம் இதுவரை சிக்கியதில்லை. லாரிகளில் மயிலும் தாமரையும் தீட்டிப் பழகிய தவமணி அன்று வந்தது மூன்றாவது முறை.

"அரைமணி நேரத்துல ஒரு ஆளை வரை. ஒரு தப்பு இருந்தாலும் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது," என்றார்.

நிமிர்வதும் குனிவதுமாக அவள் வரைந்து நீட்டினாள்.

வாங்கிய கையோடு ஆரம்பித்தார். "இது மூக்கா, கத்திரிக்காயா? தாடை எங்கம்மா, கழுத்துக்குள்ள விழுந்துடுச்சா? இந்தக் காது யானைக்குத்தான் பொருந்தும்."

அறையிலிருந்த உதவி ஓவியர்கள் இருவரும் மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடினார்கள்.

"பார்த்ததைத்தான் சார் வரைஞ்சேன். எதுக்கும் கண்ணாடியில ஒரு தடவை பாத்துடுங்க," என்றாள் தவமணி.

பிடித்தார். கண்ணாடியில் படமும் அவர் முகமும் அருகருகே நின்றன. அதே மூக்கு, அதே காது, அதே காணாமல்போன தாடை.

மேசைக்கடியில் சிரிப்பு பீறிட்டது.

"எந்த மூக்கைத் திருத்தணும் சார்?"

மார்த்தாண்டம் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துடு. வந்ததும் மொதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டிடு."